செத்தவருக்கு அரை நாள் சம்பளம்: சுங்கை சிப்புட் பயணக் குறிப்புகள்

2025 மே 1, வியாழன்

மே தின விடுமுறை. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத்தான்.

கோலாலம்பூரில் ஒரு உயரமான கட்டடத்தில் உட்கார்ந்து, அமெரிக்கர்கள் அனுப்பும் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சரிபார்ப்பது என்றால் பெரும்பாலும் மறுப்பது. வாடிக்கையாளர் நிறுவனம் சிகாகோவில் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் சிகாகோத் தொழிலாளர்கள் போராடிச் செத்ததை நினைத்துத்தான் ஊர் உலகமெல்லாம் இன்று கடை அடைக்கிறது. அந்தச் சிகாகோவில் இன்று சாதாரண வியாழக்கிழமை. அவர்கள் வேலை செய்கிறார்கள், அதனால் எங்களில் பாதிப் பேரும் வேலை செய்ய வேண்டும். நானும் என் பக்கத்து இருக்கை நண்பரும் தப்பித்த பாதி. வெள்ளிக்கிழமைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, பேராக்கில் இருக்கும் அவருடைய ஊரான சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பினோம்.

ரயிலில் இடம் இல்லை. பேருந்தில் மூன்று மணி நேரத்தில் போக வேண்டியது ஐந்தைத் தாண்டியது. ராவாங்கில் நின்ற வண்டி தஞ்சோங் மாலிமில் மறுபடி நின்றது. உள்ளே குளிர்சாதனம் பிணவறை மாதிரி. பக்கத்தில் இருந்த மலாய் அம்மா ஒரு பை நிறையக் குரோப்போ என்ற மீன் அப்பளம் வைத்திருந்தார். கேட்காமலேயே என் மடியில் பாதியைக் கொட்டினார். எங்கே வேலை என்று விசாரித்தார். காப்பீடு என்றதும் மென்று கொண்டிருந்த வாய் நின்றது. “என் கணவரின் முழங்கால் அறுவைக்குப் பணம் தர மாட்டேன் என்றது நீதானா?” என்றார். அது உள்ளூர் நிறுவனமாக இருக்கும், நான் அமெரிக்க முழங்கால்களை மட்டும்தான் பார்க்கிறேன் என்று அரைகுறை மலாயில் விளக்கினேன். யோசித்துவிட்டு மீதிக் குரோப்போவையும் தந்தார்.

ஈப்போவுக்கு வெளியே அமான் ஜெயா நிலையத்தில் இறங்கியபோது பேய் மழை. நண்பரின் தம்பி காரோடு காத்திருந்தார். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை, பிறகும் செம்பனை.

வீடு ஊருக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். நண்பரின் அப்பா ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்தக் காலத்தில் கிராணி வீட்டுக்கும் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது தெரிந்தவர்களுக்கு இந்தக் கல்யாணமே ஒரு செய்தி. சோறு, கோழிப் பிரட்டல், ரசம், நெத்திலிச் சம்பல். நான் இரண்டாம் முறை சோறு வாங்கும்போதுதான் சண்டை ஆரம்பித்தது.

“இவரு பால் நிறுக்கிற கையாலதான் இன்னும் சோறு போடுறாரு. பாருங்க தம்பி, எவ்ளோ குறைச்சலா இருக்கு” என்றார் ஆண்டி.

விஷயம் இது. ரப்பர்க் காட்டிலிருந்து காண்டா என்ற தோள்கம்பில் தூக்கி வரும் பாலை ஸ்டோரில் நிறுப்பார்கள். மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் கூலிக் கணக்கு. மிதவை நிற்கும் கோட்டைக் கிராணிதான் படிப்பார், கிராணிதான் எழுதுவார். ஒரு மழைக்காலத்தில் தன் கணக்கில் அங்கிள் இரண்டு கிலோ குறைத்து எழுதிவிட்டார் என்பது ஆண்டியின் குற்றச்சாட்டு. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரன் பார்த்த பிறகும் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

அங்கிள் மறுக்கவில்லை. “குறைச்சு எழுதுனாத்தான் சண்டைக்கு வருவா. சரியா எழுதுனா வாளியைக் கழுவிட்டுப் போயிருவா, மூஞ்சியக்கூடப் பாக்க முடியாது.”

“அதுக்குப் பேரு காதல்னு சொல்றாரு தம்பி. நாங்க திருட்டுன்னு சொல்லுவோம்.”

எங்கள் அலுவலகத்து மனிதவளப் பிரிவு காதில் இது விழுந்தால் தனித்தனியாக மூன்று விசாரணை தொடங்குவார்கள். மூன்றிலும் பால் வெட்டியவருக்கு இரண்டு கிலோ திரும்பக் கிடைக்காது.

மே 2, வெள்ளி

விடியும் முன்பே அங்கிள் எழுப்பிவிட்டார். ஓய்வு பெற்றும் உடம்பு இன்னும் பெரட்டு நேரத்துக்குத்தான் விழிக்கிறது. இருட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், வருகைப் பதிவான செக்ரோல் புத்தகத்தோடு நிற்பது அவர் வேலை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் எல்லாமே இருட்டில்தான் தொடங்கும்.

டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடை. ரொட்டி சானாய் 1 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு, தே தாரே 2 வெள்ளி. கோலாலம்பூரில் என் கட்டடத்துக்குக் கீழே இதே தேத்தண்ணி 3 வெள்ளி 80. அதில் நுரை மட்டும்தான் கூடுதல். பருப்புக் குழம்போடு கொஞ்சம் மீன் குழம்பும் கேட்காமலேயே ஊற்றினார்கள். “பசியாறிட்டீங்களா?” என்று மேசைக்கு மேசை விசாரிப்பு. அங்கிளின் கூட்டாளிகள் முன்பே வந்திருந்தார்கள். பழைய மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) ஒருவர், லோரி ஓட்டியவர் ஒருவர், கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்த ஓர் இளைஞர்.

நான் ஆபீஸ்காரன் என்று அறிமுகமானதும், தங்கள் வேலையைப் பற்றிப் புலம்புவார்கள், குறிப்பு எடுக்கலாம் என்று இருந்தேன். புலம்பலே இல்லை. சிரித்துச் சிரித்து எனக்குத்தான் புரையேறியது.

முதலில் மண்டோர். பால் வெட்டப் போனவர் ஒருவர் புலி நிற்கிறது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாராம். மண்டோர் கேட்டாராம்: “எத்தனாவது நிரையில நிக்குது? அதுக்கு முந்தின நிரை வரைக்கும் வெட்டியாச்சா?”

அடுத்தது லோரிக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் எல்லா நோய்க்கும் ஒரே போத்தல் மருந்துதானாம். “வயித்து வலிக்கும் அதான், கால் ஒடிஞ்சாலும் அதான். ஒடிஞ்ச காலுக்குக் குடிக்கணுமா, தடவணுமான்னு மட்டும் டிரசர்கிட்ட கேட்டுக்கணும்.”

அங்கிள் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். காட்டிலேயே மயங்கி விழுந்து ஒருவர் இறந்துவிட்டார். சேதி ஆபீசுக்கு வந்தது. பெரிய கிராணி செக்ரோலைத் திறந்து, பேனாவை மூடியிலிருந்து எடுத்து, சேதி கொண்டுவந்தவரிடம் கேட்டாராம்: “செத்தது காலையிலயா, மத்தியானமா? அரை நாளா முழு நாளான்னு எழுதணும்ல.”

“இது நீங்கள் பார்த்ததா?” என்றேன்.

“எங்க தோட்டத்துல நடந்துச்சு” என்றார் அங்கிள். லோரிக்காரர் உடனே, இல்லை, அது எங்கள் தோட்டம் என்றார். மண்டோர் இருவரையும் மறுத்து மூன்றாவது தோட்டத்தின் பேரைச் சொன்னார். ஒவ்வொரு தோட்டமும் அந்தப் பிணத்துக்கு உரிமை கோருகிறது.

கையுறை இளைஞர் அதுவரை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பீங்கானில் செய்த கை அச்சுகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கி நகர்ந்துகொண்டே இருக்குமாம், ரப்பர்க் குழம்பில் முங்கி எழுந்து, காய்ந்து, மறுபடி வரும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “ராத்திரி பூரா ஆயிரக்கணக்கான கை என்னப் பாத்து வா வான்னு ஆட்டுதுண்ணே. ஒரு கைகூடச் சம்பளம் குடுக்க மாட்டேங்குது.” மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இந்தப் பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளி ஆனது. கொரோனா காலத்தில் உலகமே கையுறைக்கு அலைந்தபோது முதலாளிகள் வீட்டில் பண மழை. தேவை அடங்கியதும் ஆள் குறைப்பு. “அப்ப எங்களை ஹீரோன்னு பேனர் வச்சாங்க. ஆளுங்கள வேலைய விட்டுத் தூக்குன அன்னைக்கும் அந்தப் பேனர் அங்கதான் இருந்துச்சு. கழட்ட ஆளில்ல, கழட்டுறவனையும் தூக்கிட்டாங்க.”

என் முறை வந்தது. எங்கள் அலுவலகத்திலும் நகைச்சுவைக்குக் குறைவில்லை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிரிப்பு வெள்ளி. போட்டி உண்டு, விதிமுறைகள் ஒரு பக்கத்துக்கு உண்டு. நிர்வாகம், சம்பளம், மதம், அரசியல், உடல் எடை ஆகியவை பற்றி ஜோக் சொல்லக் கூடாது. போன முறை வென்றது ஒரு பென்குவின் ஜோக். பரிசு, “திங்கட்கிழமையை வெறுக்கிறேன்” என்று நிறுவன முத்திரையோடு அச்சடித்த கோப்பை. இதைச் சொன்னதும் மேசையில் மரண அமைதி. லோரிக்காரர் பரிதாபமாகப் பார்த்து எனக்கு ஒரு வடை சொன்னார்.

பிறகு இன்னொன்று சொன்னேன். எங்களோடு இருந்த ஒருவருக்கு ஒரு காலையில் கதவு அட்டை வேலை செய்யவில்லை. வாசலில் நின்றபடியே கணினிப் பிரிவுக்குப் புகார் எழுதினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “சரிபார்த்தோம். அட்டை எதிர்பார்த்தபடியே இயங்குகிறது. புகார் மூடப்படுகிறது.” வேலை போன செய்தி மனிதவளப் பிரிவிலிருந்து அவருக்கு மதியம்தான் வந்தது.

கடை அதிர்ந்தது. மண்டோர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “பெரிய கிராணி இன்னும் சாகலடா!”

எனக்குத் தோன்றியது இதுதான். முதலாளியே அச்சடித்துத் தரும் வெறுப்பில் உப்பு இருக்காது. இவர்களுடைய ஜோக்குகளைத் துரை காதில் ஓதியிருந்தால் வேலையும் போயிருக்கும், லயத்து வீடும் போயிருக்கும். அதனால்தான் அவை இன்னும் கெடாமல் இருக்கின்றன.

மத்தியானம் அங்கிள் தன் பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனார். கித்தா என்கிற ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் இருக்கிறது, ஆபீஸ் கட்டடம் இருக்கிறது. வெயில் பிடரியில் அறைந்தது. கொசு வேறு. ஆபீஸ் படிக்கட்டருகே அங்கிள் தான் உட்கார்ந்த சன்னலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, குலை வெட்டும் வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் நீண்ட கம்பு அரிவாளோடு அந்தப் பக்கம் வந்தார். என் கையில் போனைப் பார்த்ததும் நின்று, தன் போனை நீட்டி, ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று மலாயில் கேட்டார். செம்பனை பின்னணியில் நிறுத்தப் போனேன். பதறிவிட்டார்.

“மரம் வேண்டாம், மரம் வேண்டாம்! அம்மாவிடம் ஆபீஸில் வேலை என்று சொல்லியிருக்கிறேன்.”

அரிவாளைப் புல்லில் படுக்க வைத்தார். அங்கிள் அவரைப் படியில் ஏற்றி, தொப்பியைக் கழற்றச் சொல்லி, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவர் பையில் செருகினார். கால் பூட்ஸ் தெரியாமல் இடுப்புக்கு மேலே எடுக்கும்படி எனக்கு உத்தரவு. மூன்று படம் எடுத்தோம். இளைஞர் பெரிதாக்கிப் பார்த்து, மேனேஜர் மாதிரி இருக்கிறேனா என்றார். “மேனேஜர் இவ்ளோ வேர்க்க மாட்டான், கிராணின்னு சொல்லு” என்றார் அங்கிள். நான் மொழிபெயர்த்ததும் சிரித்துவிட்டு, பேனாவைத் திருப்பித் தந்து, அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

நானும் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் என் மேசையைத்தான் காட்டுகிறேன், சாயங்காலம் பிரமை பிடித்தவன் மாதிரி இருக்கும் என் முகத்தை அல்ல.

மே 3, சனி

காலையில் நாசி லெமாக் பொட்டலம், 2 வெள்ளி 50. சம்பலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பிறகு எல்லோருமாகக் கோலகங்சாருக்குப் போனோம், காரில் அரை மணி நேரம். அரண்மனை, பொன் குவிமாடங்களோடு உபுடியா மசூதி, ஆற்றங்கரையில் லக்சா எல்லாம் உண்டு. எல்லோரும் எழுதிவிட்ட இடங்கள் அவை. நான் பார்க்கப் போனது ஒரு மரத்தை.

பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன விதைகளில் முளைத்து, சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் சில 1877-ல் இங்கே நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒன்று இன்னும் நிற்கிறது. சுற்றிலும் வேலி, பெயர்ப்பலகை. நிற்பது அரசாங்க ஆபீஸ் பக்கத்தில். என் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றிய மரத்தின் மூதாதை, கடைசியில் ஒரு ஆபீஸுக்கு நிழலாக இருக்கிறது.

அங்கிள் வேலிக்கு வெளியே நின்று பட்டையை ஒரு கிராணிப் பார்வை பார்த்தார். “எங்க மரத்தையெல்லாம் முப்பது வயசுல சாய்ச்சிருவாங்க. ஆளுக்கு அம்பத்தஞ்சுல கணக்கு முடிச்சு, வீட்டக் காலி பண்ணுன்னுருவாங்க. வேலையும் செய்யாம வீட்டையும் காலி பண்ணாம இருக்கிறது இவரு ஒருத்தருதான்.”

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்து இயக்குநராக 1888-ல் வந்த ஹென்றி ரிட்லி, காப்பி போட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர்களிடம் ரப்பர் போடுங்கள் என்று நச்சரித்தவர். மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையை உருவாக்கியவரும் அவர்தான். துரைகள் அவருக்கு வைத்த பேர் ‘பைத்தியக்கார ரிட்லி’. அந்தப் பைத்தியம் நூறு வயது வாழ்ந்து 1956-ல்தான் போய்ச் சேர்ந்தது. பட்டப்பேர் வைப்பது தொழிலாளர்களோடு நின்ற பழக்கம் இல்லை போலிருக்கிறது.

திரும்பும் வழியில் கார் சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரு ஒட்டுக்கடைக் கூரைக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் நின்றோம். கடைக்காரச் சீன அண்ணன் நாற்காலி போட்டார், காற்றடிக்கும் பம்புக்கு ஆளை அனுப்பினார், எங்கள் கோப்பிக்குக் காசு வாங்க மறுத்தார். ஆண்டி கட்டாயப்படுத்தி வேர்க்கடலை வாங்கிக் கணக்கைச் சரிசெய்தார்.

அங்கேதான் அங்கிள் அவசரகாலக் கதையைச் சொன்னார். 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் தன் ஆபீஸிலேயே. அதிலிருந்து 1960 வரை கம்யூனிஸ்டுகளோடு சண்டை. பட்டாளம், விமானம், குண்டு எல்லாம் உண்டு. ஆனால் யாரும் அதைப் போர் என்று எழுதவில்லை, அவசரகாலம் என்றே எழுதினார்கள். போர் என்றால் தோட்ட முதலாளிகளுக்கு லண்டன் காப்பீட்டுக்காரர்கள் நட்ட ஈடு தர மாட்டார்கள் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். என் தொழிலின் வல்லமையை எண்ணி எனக்குப் புல்லரித்தது. பன்னிரண்டு வருடச் சாவை ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். சிகாகோ விண்ணப்பங்களில் வெள்ளமா, மழைநீர் தேக்கமா என்று நான் வாரம் முழுவதும் செய்வதும் இதைத்தான்.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். 1941-ல் அங்கே பெரிய வேலை நிறுத்தம். ஆர். எச். நாதன் தலைமையில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு உண்டு, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து என்பது உண்டு, கள்ளுக்கடையை மூடு என்பது உண்டு. கூடவே, துரையோ கிராணியோ எதிரில் வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்றும் இருந்தது. பட்டாளத்தை இறக்கி அடக்கினார்கள். உயிர்ச் சேதமும் ஆனது.

“எங்கப்பா சைக்கிள் ஓட்டக் கத்துக்கவே இல்ல. ஏறி எறங்கி ஏறி எறங்கி முட்டி போயிரும், நடந்தாச் சீக்கிரம் போயிரலாம்னு சொல்லுவாரு.”

எங்கள் இயக்குநர் லிஃப்டில் ஏறினால் நாங்கள் போன் பேசுவது போல் நடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். யாரும் சொல்லித் தந்ததில்லை.

“மழை பேஞ்சா உங்க ஆபீஸ்ல வேலை உண்டா?” என்றார் ஆண்டி. உண்டு என்றேன். “அப்ப எங்களவிட மோசம். மழை பேஞ்சா பட்டை ஈரம், வெட்ட முடியாது, வீட்டுல தூங்கலாம்.” ஒரு கடலையை உரித்துவிட்டு, “பட்டினியாத் தூங்கலாம்” என்று சேர்த்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு லோரிக்காரரும் மண்டோரும் வந்தார்கள். உங்கள் துரைக்கு என்ன பட்டப்பேர் என்று கேட்டார்கள். இல்லை என்றோம். நிறுவனத்தில் எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் கிடையாது என்று நண்பர் பெருமையாகச் சொன்னார்.

“பேரு வைக்காம எப்படிலா அவனுக்குக் கீழ வேலை செய்றீங்க?” மண்டோருக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. அவர்கள் தோட்டத்தில் சாணித்துரை இருந்தார், குடைத்துரை இருந்தார், விசிலடிச்சான் இருந்தார். இயற்பெயர் ஒன்றும் இவர்களுக்கு நினைவில்லை.

விசாரணை தொடங்கியது. ஆள் எப்படி? தமிழர். குண்டா, ஒல்லியா? நடுத்தரம். கெட்ட வார்த்தை? கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு “தம்பி, ஒரு சின்ன விஷயம்” என்று கூப்பிடுவார், அது முடிய விடிந்துவிடும். ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போதும் அறைக்குள் கூப்பிட்டு அப்படித்தான் ஆரம்பித்தார்.

தோட்டத்தில் மேனேஜர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்னத்துரை. லோரிக்காரர் ரசத்தை உறிஞ்சிவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “சின்னவிஷயத் துரை.”

மே 4, ஞாயிறு

திரும்பும் பேருந்து ஒழுங்காக வந்தது. ஆண்டி கட்டித் தந்த முறுக்குப் பையை அங்கிள் கையில் தூக்கிப் பார்த்து ஒன்றரைக் கிலோ என்றார். இரண்டு கிலோ என்று ஆண்டி கத்திக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது.

தாப்பாவைத் தாண்டும்போது நண்பர் திடீரென்று வெளிறிப் போனார். நேற்று ராத்திரி சிரிப்பு தாங்காமல் அந்தப் பட்டப்பேரை அலுவலகக் குழு ஒன்றில் போட்டுவிட்டாராம். எந்தக் குழு என்று தேடினோம். நல்லவேளை, துரை அதில் இல்லை. துரையின் செயலாளர் இருக்கிறார். கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தை முதலில் போட்டிருந்தது அவர்தான், நள்ளிரவு 12.40-க்கு. அதற்குக் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார்: “அவர் இப்போதுதான் எனக்குப் போன் செய்துவிட்டு வைத்தார்.”